மத்தாப்பு மேனகா சாகல

சாகலக்கா. மத்தாப்பு மேனகா செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?

போஸ்டர் பாத்தீங்களா? எங்க, மேலூர் பஸ் ஸ்டாண்டுலயா? பாத்துட்டு அழுதீங்களா? எதுக்குக்கா அழுதீங்க, உங்களுக்கு அது என்ன ஒறவா, மொறையா? உங்க ஊரு பொங்கலுக்கு ஒருவாட்டி வந்து பாடுச்சு, சரி. நீங்க நெறமாசமா முன்வரிசையில உக்காந்து கேட்டீங்க, சரி. மேடையிலேருந்து எறங்கி வந்து உங்க வயித்துல கைய வச்சு, "உள்ள இருக்கது ஆடுதா?"ன்னு மைக்குல கேட்டுச்சு, அதுவும் சரி. அதுக்கெல்லாமா அழுவாங்க?

அது எங்கம்மா.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? எங்கம்மாதான். உசுரோடதான் இருக்கு. நல்லா கல்லுக்குண்டு மாதிரி இருக்கு. இந்நேரம் சாத்தனேந்தல் மேடைக்குப் பின்னாடி உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கும். நான் அங்கதான் போறேன். நீங்களும் அங்கதானா? திருவிழாவுக்கா? அப்ப நல்லதாப் போச்சு, மிச்சத்த நேர்லயே பாத்துக்கங்க.

கால நகத்தாதீங்கக்கா, பையில இருக்கது வெடிகுண்டு இல்ல. பஸ்ஸு குலுங்குறப்பல்லாம் ஜல்லு ஜல்லுனு சத்தம் வருதுன்னு அப்பவே பாத்தீங்க, நானும் கவனிச்சேன். சட்டை. ஆமா, அந்தச் சட்டையேதான். ஐயோ, எதுக்குக் கும்புடுறீங்க? சோடா மூடிக்கா அது! சோடா மூடியத் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, வெல்வெட்டு துணியில தச்சது. சாமி நகையா?

நான் சட்டக் கல்லூரி, மூணாவது வருசம். எதையும் ஆதாரத்தோடதான் பேசுவேன். நான் சொல்லச் சொல்ல கேளுங்க, கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா நடுவுல "பாவம்"னு மட்டும் சொல்லக்கூடாது. எனக்கு அந்த வார்த்தை ஆகாது.

எங்கம்மாவ நீங்க ஒரு ராத்திரி பாத்திருக்கீங்க. நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன். தலையில மயில்தோகை, கண்ணுக்கு மேல வெள்ளிப் பொடி, தங்கக் கலர் குதிகால் செருப்பு, ஒடம்பு பூரா இந்தச் சோடா மூடி. சில்வண்டு இன்னிசைக் குழுன்னா மதுரைச் சுத்துப்பட்டுல தெரியாத ஆளு கெடையாது. அதுல எங்கம்மா சினிமாப் பாட்டு மட்டுமில்ல, சொந்தமாவும் பாட்டுக் கட்டும். அந்தச் சோடா மூடிப் பாட்டு, தெரியும்ல? ஷேர் ஆட்டோவுல போட்டானா அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்.

"சோடா மூடிச் சட்டக்காரி,
சொன்னபடி கேக்கமாட்டா,
கூப்புட்டா வருவா – ஜல்!
கோவிச்சா போவா – ஜல்!"

அந்த ஜல்லு வாத்தியத்துல வராதுக்கா. அந்த எடத்துல எங்கம்மா இடுப்ப ஒரு வெட்டு வெட்டும். சட்டைதான் ஜல்லுங்கும். நீங்க பாத்திருக்கீங்க. உங்களுக்கு அது கூத்து. எனக்கு?

ஆறாங்கிளாஸ்ல பெத்தவங்க கூட்டத்துக்கு விடிய விடிய பாடிட்டு நேரா வந்துச்சு. மூஞ்சியக் கழுவியிருக்கு, கண்ணு மேல வெள்ளி போகல. டீச்சர் மார்க்க சொல்லாம அதையே பாத்துக்கிட்டிருக்காங்க. அன்னையிலேருந்து நான் போனா எவனாச்சும் பின்னாலேருந்து "ஜல்"லும்பான். நான் ஒரு அடி வச்சா ஒரு ஜல். காலேஜுக்கு வந்தா விட்ருவாய்ங்கன்னு நெனச்சேன். வக்கீலுக்குப் படிக்கிற பயலுகக்கா, அவிய்ங்களும் "ஜல்"லுன்றாய்ங்க! ஒருத்தனுக்குச் செருப்பக் கழட்டிட்டேன். மெமோ எனக்கு. பாத்துக்கங்க நியாயத்த.

அப்பத்தான் முடிவு பண்ணேன். எங்கம்மாவுக்கு நல்ல கொரலு. இத ஊருல எவனும் சொன்னதில்ல, நாந்தான் சொன்னேன். "அம்மா, நீ இந்தக் குலுக்கல விடு. பழைய பாட்டா எடுப்போம். மெதுவான பாட்டு. கண்ண மூடிக் கேக்குற பாட்டு. ஒரு ஆல்பமாப் போடுவோம். ஊரு உன்ன எந்திரிச்சு நின்னு கும்புடும்."

அது கேட்டுச்சு, "ஏன் ரஞ்சி, இப்ப எந்திரிச்சு நின்னுதானடி ஆடுறாங்க?"

"அது ஆட்டம். நான் சொல்றது மரியாதை."

கையில இருந்த மயில்தோகைய மடிச்சு வச்சுச்சு. பொறவு, "நீ படிச்ச புள்ள. நீ சொன்னாச் சரி"ன்னுச்சு. சொன்னுச்சா இல்லையா? அதோட வாயால சொன்னது. கட்டாயம் எங்க இருக்கு இதுல?

பாட்டெல்லாம் நாந்தான் பொறுக்குனேன். நாடக காலத்துப் பாட்டு, கறுப்பு வெள்ளைப் படத்துப் பாட்டு, எவன் எழுதுனான்னு யாருக்கும் தெரியாத பாட்டு. "போனவரப் பாத்திருக்கும் வாசலுக்குத் தூக்கமில்ல"ன்னு ஒண்ணு வரும். கேட்டா நெஞ்சடைக்கும். ஸ்டுடியோவுக்குப் போனா அங்க ரெக்கார்டிங் பண்ற அண்ணன் சொல்றாரு, மைக்கு ரொம்ப நுணுக்கம், சின்ன சத்தம்கூட விழுந்துரும்னு. சரின்னு வளையலக் கழட்டச் சொன்னேன். கொலுசக் கழட்டச் சொன்னேன். கம்மல்ல தொங்கட்டான் இருந்துச்சு, அதையும். மஞ்சக் கயித்துல ரெண்டு குண்டுமணி கிடந்து உரசுச்சு, அத நானே பஞ்சு வச்சுச் சுத்திவிட்டேன். "அசையாமப் பாடும்மா. கையத் தொடையில வச்சுக்க." பாடுச்சு. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குறப்ப "மூச்சப் புடிங்க"ம்பாங்கள்ல, அது மாதிரி நின்னு பாடுச்சு.

தாளம் பிந்துதுன்னாரு அந்த அண்ணன். பிந்துச்சுதான். ஒரு மயிரிழை. "அக்காவுக்குத் தாளம் ஒடம்புல இருக்கும்மா, ஒடம்பக் கட்டிப்போட்டா எப்பிடி"ன்னாரு. நான் விடுவனா? "உங்க வேலை பொத்தான அமுக்குறது, அமுக்குங்க"ன்னேன். அப்பறம் கம்ப்யூட்டர்ல இழுத்து நேராக்குனாரு. கடைசிப் பாட்டுல மட்டும் ஒரு எடத்துல லேசா ஜல்லுனு ஒரு சத்தம். எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. சேலை மடிப்புக்குள்ள ஒத்த சோடா மூடிய முடிஞ்சு வச்சிருக்கு எங்கம்மா! எதுக்கும்மான்னா, "சும்மா தொணைக்கு"ன்னுச்சு. சின்னப்புள்ள மாதிரி. அந்த ஜல்ல வெட்டி எடுத்தாச்சு. கேட்டா வெட்டுன எடமே தெரியாது, அவ்வளவு சுத்தம்.

சட்டைய நான் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் என் டிரங்குப் பொட்டியில வச்சுப் பூட்டிட்டேன். வீட்டுல இருந்தா அதுக்குக் கை அரிக்கும்ல. பூட்டிட்டு அதே வாரம் பட்டிமன்றம். "பெண்ணின் உடை பெண்ணின் உரிமை"ன்னு நாந்தான் பேசுனேன். எதிரணிக்காரன் நடுங்கிட்டான்க்கா. முதல் பரிசு. கோப்பைய டிரங்குப் பொட்டி மேலதான் வச்சிருக்கேன், வேற எடமில்ல.

என்னக்கா சிரிக்கிறீங்க? இல்லையா? சரி.

போன் நம்பரையும் மாத்துனேன். குடிச்சுட்டு எந்நேரமும் கூப்புடுவாய்ங்கக்கா, "மத்தாப்பு, ஒரு ஜல்லு போடு"ன்னு. பொம்பளைக்கு நிம்மதி வேணாமா? சவரிமுத்து மாமாவையும் வீட்டுப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டேன். அவருதான் சில்வண்டுக் குழுவ நடத்துறவரு, கீபோர்டு. நல்லவருதான், என்னையத் தூக்கி வளத்தவருதான். ஆனா அவரு வந்தா பொங்கல், திருவிழா, மேடைன்னுதான் பேசுவாரு. அம்மா மொகம் மாறிரும்.

சரி, போஸ்டருக்கு வாரேன். நீங்க பாத்தீங்கள்ல, அது நான் செஞ்சது. நானே கம்ப்யூட்டர்ல உக்காந்து செஞ்சது. இப்ப சொல்லுங்க, அதுல என்ன தப்பு?

கறுப்பு வெள்ளையில அம்மா போட்டோ. வெள்ளைச் சேலை, லேசாத் தலையக் குனிஞ்ச மாதிரி. பழைய பாட்டுன்னா அடக்கமா இருக்கணும்ல? பக்கத்துல ஒரு குத்துவிளக்கு. மேல ஆல்பம் பேரு, "நீங்காத நினைவுகள்". மத்தாப்புங்கிற பட்டத்த எடுத்துட்டு இனிஷியலோட "சே. மேனகா". அதுக்குக் கீழ, முதல் மேடை ஏறுன வருசம், ஒரு கோடு, இந்த வருசம். இத்தன வருசமாப் பாடியிருக்குன்னு காட்ட வேணாமா? அடியில "இவண்: மகள் ஸ்ரீரஞ்சனி, சட்டக் கல்லூரி". எம் பேரு போட்டா மதிப்பா இருக்கும்னு போட்டேன்.

நீங்க வாயப் பொத்தாதீங்கக்கா. கீழ மூலையில கியூஆர் கோடு இருந்துச்சு! பாட்டு கேக்குறதுக்கு! அதையாச்சும் பாக்கணுமா இல்லையா? எங்க தெரு இட்லிக்கடைக்காரம்மா சொல்லுது, "இப்பல்லாம் எழவுக்கும் இத வைக்கிறாங்களாக்கும்னு நெனச்சேன் தாயி"ன்னு. படிக்கத் தெரியாத ஜனம். படிச்ச ஜனமும் அப்பிடித்தான். காலேஜுல "ஜல்"லுன பயலுக பூரா கையக் கட்டிக்கிட்டு வந்து, "ஸாரி ரஞ்சனி, தெரியாமக் கிண்டல் பண்ணிட்டோம்"னாய்ங்க. எனக்கு முதல்ல வெளங்கல. ஆல்பத்தக் கேட்டுத் திருந்திட்டாய்ங்கன்னு நெனச்சு, "பரவால்ல, இப்பவாச்சும் புரிஞ்சுச்சே"ன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் காலையில வீட்டுல இருக்கேன். லீவு. கதவு தட்டுது. அம்மாதான் போய்த் தெறந்துச்சு. வாசல்ல சவரிமுத்து மாமா. கையில ஆளுயர ரோசாப்பூ மாலை. பின்னால டிரம்ஸ்காரரு, புல்லாங்குழல்காரரு, எல்லாரும் வெள்ளைச் சட்டை. அம்மாவப் பாத்ததும் மாமாவுக்கு வாய் திக்கிருச்சு. "மே... மே..."ங்குறாரு, ஆட்டுக்குட்டி மாதிரி. டிரம்ஸ்காரரு தெருவுக்கே ஓடிட்டாரு.

அம்மா மாலையப் பாத்துச்சு. மாமாவப் பாத்துச்சு. எதிர்ச் சுவத்துல ஒட்டியிருந்த போஸ்டரப் பாத்துச்சு. அப்பறம் மாமாகிட்ட கேட்டுச்சு, "ஏம்ண்ணே, நெசமாவே நல்லா அழுதீங்களா?"

மாமா தேம்பித் தேம்பி அழுதாரு. அம்மா சிரிச்சுக்கிட்டே மாலைய வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டு, "உள்ள வாங்க, டீ போடுறேன்"னுச்சு. மாலையோடவே டீ போட்டுச்சு. எனக்கு மட்டும் டீ குடுக்குறப்ப கண்ணப் பாக்கல. ஒரு வார்த்தை சொன்னுச்சு, "போட்டோ நல்லாத்தான்டி எடுத்திருக்க." அவ்வளவுதான். திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். எங்கிட்ட பதில் இருந்துச்சு. திட்டவே இல்லைன்னா எப்பிடிக்கா பதில் சொல்றது?

அதுலேருந்து வீட்டுல பாட்டே கெடையாது. முன்னாடி பாத்திரம் வெளக்குறப்பகூட முணுமுணுக்கும். கரண்டியத் தட்டும். இப்ப டிவியக்கூட சத்தமில்லாமப் பாக்குது. "பாடும்மா"ன்னா, "செத்தவ பாடுனா தெரு பயப்படும்"னு சொல்லுது. காமெடியாத்தான் சொல்லுது. நான்தான் சிரிக்கல.

அப்பத்தான் சாத்தனேந்தல் விவகாரம். போன வருசமே இந்தத் திருவிழாவுக்கு அம்மாவப் பேசி வச்சிருக்காங்க. போஸ்டரப் பாத்துட்டு ஊர்ல கூடிப் பேசி, கச்சேரிய நிப்பாட்ட வேணாம், மேடையில அம்மா படத்த வச்சு மௌன அஞ்சலி பண்ணிட்டு, புதுசா ஒரு புள்ளைய வச்சு அதே பாட்டுகளப் பாட வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. மாமா வந்து தலையச் சொறியுறாரு. "மேனகா, உசுரோட இருக்கன்னு சொல்லிரட்டுமா? சொன்னா உன்னையத்தான் கூப்புடுவாங்க. வருவியா?"

அம்மா என்னையப் பாத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. சத்தியமா ஒண்ணும் சொல்லல. சும்மா பாத்தேன். "இல்லண்ணே, வரல. புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்"னுச்சு. நான் சும்மா பாத்ததுக்கு அதுவா பயந்துக்கிட்டா நான் என்ன செய்ய முடியும்?

அது முடிஞ்சுபோச்சுன்னு இருந்தேன். இன்னைக்கு மத்தியானம் ஹாஸ்டலுக்குப் போன் வருது. பின்னாடி ஒரே மைக் டெஸ்டிங் சத்தம். "ரஞ்சி, நான் சாத்தனேந்தல் வந்துட்டேன்டி."

"எதுக்கு?"

"எனக்குத்தானடி அஞ்சலி. நானே வரலைன்னா எப்பிடி, நல்லாவா இருக்கும்?"

"அம்மா, வாக்குக் குடுத்திருக்க."

"செத்தவளுக்கு என்னடி வாக்கு? ஏழு மணிக்கு மேடை. சட்டையக் கொண்டா."

வச்சிருச்சு. நான் பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள வச்சிருச்சு. எங்கம்மா எங்கிட்ட இப்பிடிப் பேசுனதே இல்லக்கா.

அதான் போறேன். சும்மா குடுத்துட்டு வர இல்ல. கண்டிசனோட போறேன். முதல்ல ஆல்பத்துலேருந்து ஒரு பாட்டு, வெள்ளைச் சேலையில, அசையாம. அந்த வாசலுக்குத் தூக்கமில்லங்கிற பாட்டு. ஊரு அமைதியாக் கேக்கணும். அதுக்கப்பறம்தான் சட்டை. இல்லைன்னா பை பையிலயே இருக்கும். நியாயமா இல்லையா?

ஏன்க்கா பேசமாட்டேங்குறீங்க? பாவம்னுதான் சொல்லக்கூடாதுன்னேன், வேற ஏதாச்சும் சொல்லலாம்ல?

என்ன தச்சதா? நானா? எங்கம்மாதான் தச்சுச்சு. இல்ல, மூடிய நான் பொறுக்குவேன். அஞ்சு வயசு, ஆறு வயசு இருக்கும். பொட்டிக்கடை பொட்டிக்கடையா அம்மா கூட்டிட்டுப் போகும், பாட்டில் ஒடைக்கிற எடத்துல நான் குனிஞ்சு பொறுக்குவேன். பொறவு கூடல்நகர் தண்டவாளத்துல வரிசையா வச்சுட்டு வேலி ஓரமா உக்காந்திருப்போம். ரயிலு போகும். போனதும் ஓடுவோம். வெத்தல மாதிரி தட்டையா, சூடா இருக்கும். நான் கையில வச்சு ஊதுவேன். அம்மா சொல்லும், "ரஞ்சி ஊதுனாத்தான்டி இது சத்தம் குடுக்கும்"னு. எதுக்கு இத உங்ககிட்ட சொல்றேன்? யாருகிட்டயும் சொன்னதில்ல. விடுங்க.

ஏன் பஸ்ஸு நின்னுருச்சு? கண்டக்டரண்ணே, என்னாச்சு? முளைப்பாரியா? எவ்வளவு தூரத்துக்கு? ரோடு பூராவா? அண்ணே, மணி ஏழாகப் போகுதுண்ணே!

அந்தா, சீரியல் லைட்டு தெரியுது. அது மேடைதான். கொழா ரேடியோ கேக்குதா? சவரிமுத்து மாமா கொரலு. "...மறைந்த மத்தாப்பு மேனகா அவர்களுக்காக அனைவரும் எழுந்து நின்று..." அட, சொல்லிட்டாருக்கா! உசுரோட பின்னாடி உக்காந்திருக்கு, சொல்றாரு பாருங்க! இதெல்லாம் அம்மா ஏற்பாடாத்தான் இருக்கும்.

அமைதியாயிருச்சு. முளைப்பாரி தூக்குனவங்ககூட நின்னுட்டாங்க. பாருங்க, தலையில பாரியோட அப்பிடியே நிக்கிறாங்க. எங்கம்மாவுக்கா?

யாரு அது, "எதுக்கப்பா இம்புட்டு அமைதி, எனக்குக் காதடைக்குது"ன்னு...

அம்மாக்கா! அது அம்மா! அலறுறாய்ங்க கேக்குதா? ஓடுறாய்ங்களா? சிரிக்கிறாய்ங்க. விசிலப் பாருங்க. வெள்ளைச் சேலையிலதான் ஏறியிருக்கும், சட்டைதான் எங்கிட்ட இருக்கே.

உஸ்ஸு. பாடுது.

எந்தப் பாட்டு இது? மெதுவா இருக்கு. வாத்தியமே இல்ல. "சோடா மூடிச் சட்டக்காரி..." இதையா? இத எதுக்கு இவ்வளவு மெதுவா? "சொன்னபடி கேக்க... மாட்டா..." இப்பிடிப் பாடி நான் கேட்டதே இல்லக்கா. தாளம் பிந்தல. எங்கயும் பிந்தல. இத ஸ்டுடியோவுல ஏன் பாடல எங்கிட்ட?

"கூப்புட்டா வருவா..."

ஒண்ணுமில்ல. அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு. காத்துதான் வருது மைக்குல. அது நிறுத்திக் காத்துக்கிட்டிருக்கு.

"கோவிச்சா போவா..."

எவன்டா அது பின்னாலேருந்து ஜல்லுனது? செருப்பக் கழட்டுனேன்னா... நீங்களாக்கா? நீங்களா சொன்னீங்க? டிரைவரண்ணனுமா? எல்லாருமா?

ரோட்டுலயும் சொல்றாங்க. முளைப்பாரிக்காரங்களும் சொல்றாங்க. மேடைக்கிட்ட ஊரே சொல்லுது.

கண்டக்டரண்ணே, கதவத் தெறங்க, நான் நடந்தே போயிர்றேன். கண்டிசனா? கண்டிசனெல்லாம் அப்பறம் பேசிக்கிறேன், எனக்குப் பேசத் தெரியும். அக்கா, அந்தப் பையத் தூக்கிக் குடுங்க. மடியில வச்சுத் தடவாதீங்க, குடுங்க. பாட்டுல இன்னும் ரெண்டு சரணம் இருக்கு. வாயால சொன்னாப் பத்தாதுக்கா.

வழி விடுங்க.